மிளகுத் திருகை வித்தகர்

நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் அண்மைக் காலமாகத் தென்படும் மனித வகைகளுள் மிளகுத் திருகை வித்தகர் தனித்து ஆராயத்தக்கவர். மிளகுத் திருகை என்பது கடைகளில் பெப்பர் மில் அல்லது பெப்பர் கிரைண்டர் என்னும் பெயரில் விற்கப்படுவதும், ஒரு சாண் உயரம் உள்ளதும், தலையைத் திருகினால் அடியில் மிளகுப்பொடி உதிர்ப்பதுமான கைக்கருவியாகும். இக்கருவியை வைத்திருப்போர் அனைவரும் இவ்வகையில் அடங்கார். திருமணப் பரிசாக வந்ததை அலமாரியில் வைத்து மறந்தவர் சாதாரண மனிதர். வாங்குவதற்கு முன் ஓராண்டு ஆராய்ந்து, வாங்கிய பின்னும் ஆராய்ச்சியைக் கைவிடாதவரே வித்தகர். இவர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்த ஆண்மகனாக இருப்பார். அதுவரை தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் நுழைந்தவர் என்பதும், வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதை இன்றளவும் அறியாதவர் என்பதும் இவருடைய துணை இலக்கணங்கள்.

ஆராய்ச்சியின் முதற்கட்டம் வரலாறு. பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனம் 1840-இல் காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியையும் 1874-இல் மிளகுத் திருகையையும் செய்தது என்பதும், அதன் பெயர் தாங்கிய முதல் மோட்டார் வாகனம் 1889-இல்தான் வெளிவந்தது என்பதும் வித்தகருக்கு மனப்பாடம். உறவினர் எவரேனும் புதுக் கார் வாங்கிய செய்தியைச் சொல்ல வாயெடுத்தால், காரைவிடத் திருகையே மூத்தது என்னும் முடிவுக்கு அந்த உரையாடலை இரண்டே வாக்கியங்களில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். வந்த உறவினர் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் காரின் விலையைச் சொல்லாமலே திரும்புவார்.

இரண்டாம் கட்டம் பொறியியல். திருகையின் உயிர்நிலை அதன் அடியில் உள்ள பல்லமைப்பாகும். சுழலும் கூம்பு ஒன்றும், அதைச் சூழ்ந்து அசையாது நிற்கும் வளையம் ஒன்றும் சேர்ந்து அது அமைகிறது. மேல்வரிசைப் பற்கள் மிளகைப் பிடித்து உடைக்க, கீழ்வரிசைப் பற்கள் அந்த நொய்யைப் பொடியாக்குகின்றன. பற்கள் எஃகால் ஆனவையாக இருக்க வேண்டுமா, பீங்கானால் ஆனவையாக இருக்க வேண்டுமா என்பதே இத்துறையின் தீராத வழக்கு. எஃகு கூர்மையாக வெட்டும் என்பர் ஒரு சாரார். பீங்கான் துருப்பிடிக்காது, ஆகையால் உப்புக்கும் உதவும் என்பர் மறுசாரார். வித்தகர் எந்தச் சாராரோடும் உடனே சேர்ந்துவிடாமல், சட்டைப்பையில் ஒரு பொட்டலம் மிளகும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, உச்சிக் குமிழை இறுக்கி நைஸாகவும் தளர்த்திக் கொரகொரப்பாகவும் ஒவ்வொரு திருகையிலும் அரைத்து, உதிர்ந்ததைத் தனித்தனிக் குவியலாக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்வையிடுவார். விற்பனைப் பெண் தும்மிவிட்டால் குவியல்கள் கலந்துபோகும் என்பதால் சோதனை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். முடிவில் அவர், "யோசிச்சுட்டு அடுத்த வாரம் வரேம்மா" என்று விடைபெறுவது வழக்கம். இந்த வாக்கியம் குறைந்தது ஐந்து கடைகளில் சொல்லப்பட்ட பிறகே திருகை வீடு வந்து சேரும்.

மூன்றாம் கட்டம் வேதியியல். இதில் வித்தகரின் கட்சி நியாயமானது என்பதை மறுப்பதற்கில்லை. மிளகின் காரத்துக்குக் காரணமானதும், 1819-இல் டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்ததுமான பைப்பரின் என்னும் பொருள் எளிதில் ஆவியாவதில்லை. மணத்துக்குக் காரணமான எண்ணெய்களோ மிளகை உடைத்த நொடியிலிருந்தே காற்றில் கலக்கத் தொடங்குகின்றன. ஆகவே நாட்பட்ட பொடியில் காரம் எஞ்சுமேயன்றி மணம் எஞ்சாது. இந்த உண்மையை அறிந்த வித்தகர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வீட்டில் இருந்த மிளகுத்தூள் டப்பாவை எவரையும் கேளாமல் குப்பைத்தொட்டியில் கவிழ்ப்பார்.

பின்னர் மிளகின் மீது விசாரணை தொடங்கும். தண்ணீரில் இட்டால் முற்றிய மிளகு மூழ்கும், கலப்படமான பப்பாளி விதையும் உள்ளீடற்ற சண்டும் மிதக்கும் என்று அறிந்த அவர், மளிகைக்கடை மிளகு அரைக்கிலோவையும் அண்டாவில் கொட்டிப் பார்த்துவிடுவார். நனைந்த மிளகைத் திருகையில் போடலாகாது என்னும் விதி அதன் பிறகே நினைவுக்கு வருவதால், இரண்டு நாள் மொட்டைமாடியில் வடாம் காயவேண்டிய வேட்டியில் மிளகு காயும். இதனால் மனம் வெறுத்து, கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்து காய்க்கும் மிளகை ஆள்வைத்துத் தருவிப்பார்; அதுவும் போதாதென்று, தலச்சேரியின் பெயரால் தரம்பிரிக்கப்படும் மிளகில் 4.75 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள, 'ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்ட்' எனப்படும் மிகப்பெரிய மணிகளைக் கிலோக் கணக்கில் வாங்குவார். உயர்ந்த திருகையின் ஒடுங்கிய வாய்க்குள் உயர்ந்த மிளகின் பருத்த மணிகள் பல இறங்காமல் சிக்கிக்கொள்ளும் என்பது அப்போதுதான் தெரியவரும். அவர் சிறு மணிகளாகப் பொறுக்கித் திருகையில் நிரப்பிக்கொண்டு, தேறாதவற்றைச் சமையலறைக்குத் தள்ளிவிடுவார்.

நான்காம் கட்டமாகிய பயன்பாட்டில்தான் உண்மையான இடர் தோன்றுகிறது. மேலைநாட்டு உணவுமேசையில், சமைத்து முடித்த பண்டத்தின்மேல் கடைசியாகத் தூவுவதற்குப் பெயர்பெற்றது இக்கருவி. தமிழ்ச் சமையலிலோ மிளகு வெண்பொங்கலுக்காக முழுதாக நெய்யில் பொரியும், ரசத்துக்காகச் சீரகத்தோடு இடிபடும், மிளகுக்குழம்புக்காக வறுபட்டு அரைபடும். கடைசியில் தூவும் வேலை அரிதாகவே வாய்க்கும். ஆறு பேருக்கான ரசத்துக்கு வேண்டிய பொடியைத் தாமே தருவதாக வித்தகர் முன்வந்தால், அடுப்பின் ஆவி பட்டால் உள்ளே பொடி கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்று காரணம் காட்டிக் கூடத்துக்குச் சென்று, ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு திருகத் தொடங்குவார். "ஏண்டா, ரசம் பொங்கி அடங்கியும் போச்சு, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கியா?" என்று தாயார் உள்ளிருந்து கேட்கும்போது கிண்ணத்தில் அரைக் கரண்டி தேறியிருக்கும்.

ஆகவே கருவிக்கேற்ற உணவைத் தேடும் நிலை அவருக்கு ஏற்படுகிறது. முட்டை புழங்கும் வீடாயின் ஆஃப் பாயில் கைகொடுக்கும். மஞ்சள் கரு மேலே தெரிய வாணலியிலிருந்து இறங்கும் அதன்மீது மிளகு தூவுவது ஊரறிந்த மரபு. முட்டை புழங்காத வீடாயின் வெள்ளரித்துண்டும் மோரும் அப்பொறுப்பை ஏற்கின்றன. எவ்வாறாயினும் அவ்வுணவு நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், "அப்பா, எனக்கு வெறும் இட்லி போதும்" என்று கெஞ்சும் நாளும் வரும்.

விருந்தினருக்கு நேர்வது இன்னும் கடினமானது. தட்டின் மேல் திருகையைப் பிடித்துக்கொண்டு, "போதும்னா சொல்லுங்க" என்பார் வித்தகர். தமிழ் விருந்தோம்பலில் முதலில் சொல்லப்படும் 'போதும்' கூச்சத்தின் பொருட்டுச் சொல்லப்படுவதாகவே கொள்ளப்படும். இரண்டாவது மரியாதையின் பொருட்டு. விருந்தினர் மூன்றாம் முறை சொல்லும்போது அவர் குரல் கம்மியிருக்கும், முட்டையும் கண்ணுக்குத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் அவ்வீட்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதை எவரும் ஒப்புக்கொள்வர்: ரசம் முன்னெப்போதும் இல்லாதவாறு மணக்கிறது. திருகைக்குள் நுழையாமல் தள்ளப்பட்ட அந்தப் பருத்த மணிகளைத் தாயார் நாள்தோறும் ஒரு பிடி எடுத்து, சீரகமும் பூண்டும் சேர்த்துச் சிறிய இடிகல்லில் நாலு தட்டுத் தட்டி இடுகிறார் என்பதே இதற்குக் காரணம். வித்தகர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பாத்தீங்களா, எஃகுப் பல்லோட அருமை!" என்பார். மனைவியும் தாயாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களேயன்றி மறுமொழி கூறமாட்டார்கள். உண்மையை எடுத்துச்சொன்னால் அவருடைய நம்பிக்கை மட்டுமே குலையும், சொல்லாதவரையில் மாதந்தோறும் முதல்தர மிளகு வீடு தேடி வந்துகொண்டிருக்கும்.