பேயின் சர்வே நம்பர்

கோவலன் வீட்டை விட்டுக் கிளம்பியதும் சொன்ன முதல் புளுகு, தூரத்தைப் பற்றியது. புகாரைத் தாண்டிக் கொஞ்ச வழிகூடப் போகவில்லை. கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே என்று கேட்கிறாள். 30 காதம்தான், பக்கம்தான் என்று சிரித்து வைக்கிறான். ஒரு காதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதில் அகராதிகளே ஒத்துப்போவதில்லை. அது கோவலனுக்கு வசதி.

சிலப்பதிகாரத்தின் இந்த இடத்தை வருடா வருடம் நடத்துகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் நான் தமிழய்யா. ஒரு பிள்ளையும் சிரித்ததில்லை. வகுப்புச் சுவரில் பெரிய திரை வந்து, அதில் வரைபடம் விரிந்த பிறகுதான் சிரித்தார்கள்.

யோசனை என்னுடையது அல்ல. 2005இல் கூகுள் எர்த் வந்த கொஞ்ச காலத்திலேயே, கலிஃபோர்னியாவில் ஜெரோம் பர்க் என்ற ஆங்கில ஆசிரியர் கதை மாந்தர்கள் போன வழியை அதில் குறித்து வைத்து இலக்கியம் நடத்த வழிகாட்டினார். ஸ்டைன்பெக் நாவலில் வரும் ஜோட் குடும்பம் ஓக்லஹோமாவிலிருந்து மேற்கே பிழைக்கப் போன வழியும் அதில் உண்டு. லாரியில் போனவர்களுக்கே இந்த மரியாதை என்றால், நடந்தே போன நம் ஆட்களுக்கு வேண்டாமா?

பூம்புகார், ஸ்ரீரங்கம், உறையூர், கொடும்பாளூர், மதுரை என்று போட்டு, நடந்து போகிறவர் படத்தை அமுக்கினோம். 250 கிலோமீட்டருக்கு மேல், 50 மணி நேரத்துக்கு மேல் என்றது. இதில் தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது. உறையூருக்கு முன்னால் ஒரு சோலையில் நின்று, வாய்க்கொழுப்பெடுத்த இரண்டு பேரை, கூட வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் நரியாகப் போகச் சபித்தாரே, அந்த நேரமும் சேர்க்கப்படவில்லை.

கொடும்பாளூரைப் பெரிதாக்கியதும் ஒரு பெண் எழுந்துவிட்டாள். “ஐயா, இது விராலிமலைப் பக்கம்ல! எங்க அத்தை ஊருக்கு இப்படித்தானே போவோம்!” அந்த நிமிடத்திலிருந்து கோவலன் எங்களுக்குச் சொந்தக்காரன். அங்கேதான் வழி சூலம் போல மூன்றாகப் பிரிகிறது என்கிறார் இளங்கோ. நடுவழியில் கானுறை தெய்வம் ஒன்று மாதவியின் தோழி வயந்தமாலையின் வேடத்தில் வந்து கோவலனை மறிக்கும். இப்போது நாற்கரச் சாலை. மறிப்பதற்குச் சுங்கச்சாவடி இருக்கிறது.

மதுரைக்குள் நுழைய வைகையைக் கடக்க வேண்டும். குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் வைத்த ஓடங்கள் ஓடிய துறை அது. இவர்கள் என்னவோ மரப்புணையில்தான் போனார்கள். செயற்கைக்கோள் படத்தை நெருக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கடைசி பெஞ்சு கேட்டது: “புணை எதுக்குய்யா? செருப்பு போதாதா?”

ஒன்று கண்டுகொண்டேன். வரைபடம் தானாகப் போடும் அந்த நீலக் கோட்டை முதலில் அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் நேரம் மட்டும்தான் கண்ணில் படும். கையால் கோடு இழுக்கச் சொன்னால் குறுக்கே ஆறு வருகிறது. எந்தக் கரையில் நடந்தார்கள், எங்கே கடந்தார்கள் என்று சண்டை வருகிறது. சண்டையைத் தீர்க்கப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். நான் சொல்லித் திறக்காத புத்தகம்.

அந்தத் தெம்பில் அடுத்த வேலை கொடுத்தேன். அவரவர் அப்பத்தா, அம்மாச்சியிடம் ஊரில் நடந்த கதை ஒன்று கேட்டு வந்து நம் ஊர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஊருணி வெட்டிய கதை, அய்யனார் குதிரை இரவில் இறங்கிப் போன கதை வரும் என்று எதிர்பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் பேயோடு வந்தார்கள். அதுவும் ஒரே பேய். புளியமரத்துப் பேய்.

இடம்தான் ஒன்றாக இல்லை. ஓர் அப்பத்தாவுக்கு அது கண்மாய்க் கரை. இன்னொருவருக்குச் சுடுகாட்டுப் பாதை. மூன்றாமவர், இப்போது ரேஷன் கடை இருக்கிறதே, அதன் பின்பக்கம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். வரைபடமோ ஒரே ஒரு புள்ளி கேட்கிறது. கதை “அந்தப் பக்கம்” என்று கையை நீட்டிவிட்டுப் போய்விடும்; கணினிக்குக் கையை நீட்டினால் புரியாது.

“நடமாடுற பேய்யா அது. ஒரே எடத்துல குந்தியிருக்குமா? கோடு போடுங்க” என்றான் ஒருவன். கோடு போட்டால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று அடுத்த தகராறு. கடைசியில் ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள்: “மொத்தமா வளைச்சுப் போட்டுருவோம்யா.” மூன்று இடங்களையும் சுற்றி வளைத்தோம். உள்ளே எவ்வளவு பரப்பு என்று வரைபடமே கணக்கிட்டுச் சொன்னது. கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டுச் சதுரமீட்டரை ஏக்கராக்கினோம். பேய்க்கு மூன்று ஏக்கர் சொச்சம். எனக்கு இருப்பது நாலு சென்ட்.

கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி உண்டு. பின்னால் தள்ளத் தள்ள, ரேஷன் கடைக்குப் பின்னால் வட்டமாகக் கரும்பச்சை தெரிந்தது. மரம்! மூன்றாவது அப்பத்தாவின் பேரன் மேசை மேல் ஏறி நின்றுவிட்டான். அது புளியா வேம்பா என்று மேலே இருந்து எப்படித் தெரியும் என்று மற்ற இரண்டு கட்சிகளும் கேட்டன. நியாயமான கேள்விதான், அதையும் குறிப்பில் எழுதி வைத்தோம். பின் பெஞ்சிலிருந்து இன்னொரு தகவல்: “அது புறம்போக்குய்யா. பேய்க்குப் பட்டா கெடையாது.”

வரைபடத்தை வகுப்புக்கு வெளியே யாருக்கும் தெரியாதபடிதான் வைத்திருந்தோம். பிள்ளைகளின் வாயை அப்படி வைக்க வசதி இல்லை. வாரம் முடிவதற்குள் ஒரு மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார்.

“ஐயா, நம்ம கொல்லையும் பேய்க்குள்ள வருதாம்ல?”

“ஓரத்துல கொஞ்சம் வருதுங்க.”

“மூத்தவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அதை வித்துத்தான் செய்யணும். எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

அன்று மாலையே அவர் மகளைக் கொண்டே தள்ளிப் போட்டோம். பேய்த் தரப்பிலிருந்து இதுவரை ஆட்சேபணை எதுவும் வரவில்லை. அப்பத்தாக்கள் மூன்று பேரும் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள்.