கண்மதிப்புப் பெரியப்பா

முகூர்த்த நாளில் காவேரிப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் அவர் இருப்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா, பேனாவுக்குப் பின்னால் மடித்துச் செருகிய பழைய பத்திரிகைக் கவர். கவரின் உள்பக்கம் கணக்குப் போடுவதற்கு. முன்வரிசை அவருக்கு ஆகாது. அங்கே உட்கார்ந்தால் சமையல்கட்டு வாசல் தெரியாது. நடுவரிசை, ஓரத்து நாற்காலி. மேடையும் பந்தியும் ஒரே பார்வையில் விழுகிற இடம் எதுவென்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள அத்தனை மண்டபத்திலும் அவருக்கு அத்துப்படி.

பெயர் எதற்கு? ஒரே ஆள் என்றால் சொல்லலாம். பர்கூரில் ஒருவர், போச்சம்பள்ளியில் இரண்டு பேர், ஓசூரில் தெலுங்கு பேசுகிறவர் ஒருவர், கன்னடம் பேசுகிறவர் ஒருவர் என்று பரவிக் கிடக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆசாமி யாருக்கோ பெரியப்பா. அதனால் ஊருக்கே பெரியப்பா.

தொழில் மாந்தோப்புக் குத்தகை. இந்தத் தொழிலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் மாங்காய் காய்த்த பிறகு வியாபாரம் பேசுகிறவன் ஏமாளி. மரம் பூவில் இருக்கும்போதே தோப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து, அண்ணாந்து பார்த்து, “இது பத்து டன்” என்று சொல்லி முன்பணம் கொடுப்பான் கெட்டிக்காரன். தராசெல்லாம் நாலு மாதம் கழித்து மண்டியில்தான். அந்தப் பத்து டன் ஒன்பதே முக்காலாக வந்தால் பெரியப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. இப்போது தோப்பு வேலையை மகன் பார்க்கிறான். கண்ணுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. பூத்த மரத்தைப் பார்த்த அதே கண்ணால் இப்போது பூ வைக்கிற வீட்டைப் பார்க்கிறார்.

மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்களைத் தாண்டுவதற்குள் அலங்கார வளைவு முடிந்துவிடும். “பூ பாதி பிளாஸ்டிக். நாப்பதாயிரம் வாங்கியிருப்பான், இருபத்தஞ்சு பெறும்.” எல்இடி திரைக்கு ஒரு பார்வை. கேரளத்துச் செண்டை மேளத்துக்குத் தலை எண்ணிக்கை. கேஆர்பி அணைப் பூங்காவில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஓடிப் பிடித்து விளையாடுகிற வீடியோ திரையில் ஓடினால், அவர் பார்ப்பது அவர்களை அல்ல. எத்தனை உடுப்பு மாற்றியிருக்கிறார்கள் என்பதை. பந்தியில் உட்கார்ந்ததும் இலையில் விழுந்த அயிட்டங்களை விரல் மடக்கி எண்ணுவார். போளியை நாங்கள் ஒப்பட்டு என்போம்; அந்த ஒப்பட்டு இரண்டாவது தடவை வந்தால் ஒரு விலை, வராவிட்டால் ஒரு விலை. கை கழுவப் போகும் வழியில் சமையல்காரர் தோளில் கை போட்டு, “இலைக்கு எவ்ளோப்பா பேசுனீங்க?” என்பார். அவர் சிரித்து மழுப்பினால், அந்தச் சிரிப்பின் நீளத்தை வைத்தே இருபது ரூபாய் முன்பின்னாகச் சொல்லிவிடுவார்.

இதெல்லாம் உதிரிக் கணக்கு. அவருடைய வித்தை மோதிரத்தில்தான்.

முன்பெல்லாம் எங்கள் பக்கம் நிச்சயம் என்றால் தட்டு மாற்றி, பெண்ணுக்குப் பூ வைத்து, ஆளுக்கொரு டம்ளர் காபி குடித்துக் கலைவார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம் என்றால் மச்சான் போடுகிற ஒரு மோதிரத்தோடு சரி. இப்போது ஜோடி மோதிரம். பஞ்சு மெத்தை வைத்த கண்ணாடிப் பெட்டியில் வரும். சில இடங்களில் டிரோனில் கட்டித் தொங்கவிட்டு இறக்குகிறார்கள். போட்டு முடித்ததும் மேடையில் புகையும் காகிதத் தூளும் பறக்கும். அந்தப் புகை அடங்குவதற்குள் பெரியப்பா வரிசையில் நின்றுவிடுவார். போட்டோவுக்கு என்று நினைக்காதீர்கள். கை குலுக்க.

மாப்பிள்ளையின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொள்வார். “நல்லா இருக்கணும் கண்ணு” என்று வாய் வாழ்த்திக்கொண்டிருக்கும். கட்டைவிரல் மட்டும் மெல்ல நகர்ந்து மோதிரத்தின் மேல் ஏறும். முகப்பை ஒருமுறை தடவும், அடிவளையத்துக்கு இறங்கி அழுத்திப் பார்க்கும், லேசாக உருட்டும். வளையம் நெளிந்து கொடுத்தால் மெல்லிசு. உள்பக்கம் குடைந்திருந்தால் கடைக்காரன் விளையாடியிருக்கிறான். கல் தூக்கி நின்றால் எடையில் கல்லும் சேர்ந்திருக்கிறது. இத்தனையும் ஒரு வாழ்த்துக்குள் முடிந்துவிடும். கேமராக்காரர் “சார், இங்க பாருங்க” என்றதும் நல்ல பிள்ளையாகப் பார்ப்பார். மேடையை விட்டு இறங்கி நாற்காலிக்கு வந்து, பக்கத்தில் இருப்பவர் காதில், “மூணு கிராம் எண்ணூறு. நாலுன்னு சொல்லிக்குவாங்க” என்பார்.

ஹால்மார்க் முத்திரை, ஆறு எழுத்து எண், அதைப் போனில் தட்டினால் வருகிற விவரம் என்று அரசாங்கம் 2021 முதல் எவ்வளவோ ஏற்பாடு செய்திருக்கிறது. எங்கள் ஊர் நம்புவது அந்தக் கட்டைவிரலை. 2025 ஜூலையில் 9 காரட் நகைக்கும் ஹால்மார்க் உண்டு என்று அறிவிப்பு வந்தபோது, பேப்பர் படித்த பையனிடம் அது எவ்வளவு தங்கம் என்று கேட்டார். நூற்றுக்கு முப்பத்தேழரை என்றான். “மொரார்ஜி தேசாய் நிதி மந்திரியா இருந்த காலத்துல பதினாலு காரட்டுக்கு மேல நகை செய்யக்கூடாதுன்னாங்க, 1963-ல. எங்கப்பா அதையே திட்டித் தீர்த்தாரு. இப்ப ஒம்பதா? நெருப்புப்பெட்டி அட்டையில சுத்திப் போட்டுவிட்டா ஆகாதா?” என்றார். தாலிக்கு 8 கிராம் தங்கம் கொடுத்து வந்த திட்டம் ஒன்றை அரசு 2022-ல் நிறுத்தி, படிக்கிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றியதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. கவர்மென்ட்டே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நைசாக நழுவிவிட்டதாம்.

மோதிரம் எங்கே வாங்கியது என்பதும் மதிப்பீட்டில் சேரும். “பெங்களூர்ல எடுத்தது” என்று பெண்ணின் அத்தை நாலு பேர் காதில் விழச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். நம் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டரில் ஓசூர். கைக்கடிகாரம் செய்ய வந்த டைட்டன் 1990-களில் அங்கேயே தனிஷ்க் நகைத் தொழிற்சாலையையும் தொடங்கியது. “நம்ம ஓசூர்ல செஞ்சதை பெங்களூருக்கு அனுப்பி, அங்கருந்து பெட்ரோல் போட்டுப் போய் வாங்கிட்டு வந்து, நமக்கே காட்டுறாங்க” என்பார். அந்தக் குறிப்பிட்ட மோதிரம் அந்தத் தொழிற்சாலையில் செய்ததுதானா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருமுறை ஒரு நிச்சயத்தில், பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிற மாப்பிள்ளையின் சிநேகிதன் சிக்கினான். நிச்சய மோதிரம் என்றால் இரண்டு மாதச் சம்பளத்துக்கு வைரம் வாங்க வேண்டும், அதுதான் உலக வழக்கம் என்றான்.

“எந்தச் சாதியில தம்பி அந்த வழக்கம்?”

“சாதியெல்லாம் இல்ல பெரியப்பா. இது இன்டர்நேஷனல்.”

“ஆரம்பிச்சு வெச்சது யாரு?”

பையன் போனை எடுத்துத் தேடினான். தேடித் தேடி முகம் சுருங்கிப்போனது. “டி பியர்ஸ்னு ஒரு வைரக் கம்பெனி... விளம்பரத்துல சொன்னது. முதல்ல ஒரு மாசச் சம்பளம்னுதான் சொன்னாங்களாம். அப்புறம் எண்பதுகள்ல ரெண்டு மாசம் ஆக்கிட்டாங்க.”

பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அப்படியொரு மரியாதை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. “விக்கிறவனே எவ்வளவுக்கு வாங்கணும்னு சட்டம் போட்டுட்டான்! நம்ம பயலுவளுக்கு இந்த மூளை இருந்திருந்தா, குடும்பத்துக்கு வருஷம் ரெண்டு டன் பெங்களூரா மாங்காய் தின்னாத்தான் கௌரவம்னு ஆக்கியிருக்கலாமே!”

அது அவருடைய புண். 2025 கோடையில் எங்கள் மாவட்டத்து விவசாயிகள் பெங்களூரா மாங்காயை, கிளிமூக்கு என்கிறோமே அதை, கிலோ ஐந்து ரூபாய்க்கும் வாங்க ஆளில்லாமல் தோப்பிலேயே விட்டார்கள். ரோட்டில் கொட்டிப் போராடினார்கள். கூழ்த் தொழிற்சாலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. அதே கோடையில் தங்கம் சவரன் 70 ஆயிரத்தைத் தாண்டி நின்றது. வைகாசியில் நடந்த ஒரு நிச்சயத்தில் பெரியப்பா பத்திரிகைக் கவரை எடுத்துப் பெருக்கி வகுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கவரை என்னிடம் நீட்டினார். ஒரு பவுன் மோதிரத்துக்கு மாங்காய் 14 டன். “ஒரு லாரி லோடு. அந்தப் பையன் விரல்ல ஒரு லாரி நிக்குது பாரு” என்றார். கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி இதில் சேரவில்லை. அக்டோபரில் சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டியபோது அந்தக் கவரைத் திரும்ப எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

அவரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணச் செலவு ஏறியதற்கு யார் காரணம் என்று என்னைக் கேட்டால் நகைக்கடையையும் மண்டபத்தையும் பிறகுதான் சொல்வேன். ஒரு வீட்டில் பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தபோது நான் கூட இருந்தேன். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட நோட்டில் ‘மாப்பிள்ளை மோதிரம் 4 கிராம்’ என்று எழுதினார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, “பெரியப்பா கையப் புடிப்பாரே” என்றார். அவ்வளவுதான். நாலை அடித்து ஆறு ஆக்கினார். அன்றைய விலைக்கு அந்தக் கைகுலுக்கல் பதினெட்டாயிரம் ரூபாய். இந்தச் சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அவர்கள் பெண்ணுக்கு ஏழு கிராமில் எடுத்தார்கள். ஓசூர் கம்பெனியில் பெர்மனென்ட் ஆன பையன். நகைச்சீட்டு போதாமல் பர்சனல் லோன் போட்டான். இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் பயப்படவில்லை. நடுவரிசை ஓரத்து நாற்காலிக்குத்தான் பயந்தார்கள்.

இத்தனைக்கும் பெரியப்பாவின் கல்யாணம் சீர்திருத்தக் கல்யாணம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த சட்டம், சொந்தபந்தம் முன்னிலையில் மனமொப்பி ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டாலும் சரி, விரலில் மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, ஏதாவது ஒன்று போதும் என்கிறது. அவர் மாலையோடு நிறுத்திக்கொண்டவர். பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பேசினார், வந்தவர்களுக்குக் கேசரியும் காராபூந்தியும். அந்தக் கல்யாணத்தின் மொத்தச் செலவையும் அணா பைசா சுத்தமாக இன்றைக்கும் சொல்வார். இப்போது மூன்றையும் மூன்று விசேஷமாகப் பிரித்து மூன்று ஆல்பம் போடுகிறோம். அவர் மூன்றுக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கல்யாணத்தைப் பதினெட்டு லட்சம் என்று மதிப்புப் போட்ட கையால் அவர் எழுதுகிற மொய் 201 ரூபாய். க்யூஆர் அட்டையை நீட்டினால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். மோதிரத்தில் முத்திரை படிக்கும்போது மட்டும் கண்ணாடி தேவைப்படுவதில்லை.

அவர் வாயிலிருந்து தொகை வராத கல்யாணம் ஒன்றே ஒன்று உண்டு. அது அவர் மகள் கல்யாணம். கேட்டால், “அளவாத்தான் பண்ணேன்” என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். மருமகன் விரலில் ஒன்றரைப் பவுன் மோதிரம். பந்தியில் ஒப்பட்டு மூன்று தடவை வந்தது. ஆற்றங்கரைத் தோப்பு அந்த வருஷம்தான் கை மாறியது. ஏன் இப்படிச் செய்தார் என்று ஊரில் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். நான் அன்றைக்கு மண்டபத்தில் இருந்தேன். நடுவரிசை ஓரத்து நாற்காலியில் பாலக்கோட்டிலிருந்து வந்த இன்னொரு பெரியப்பா, சட்டைப்பையில் பேனாவோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நம்மவர் மேடையிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டில் நிச்சயம் வைத்திருந்தால் ஒரே ஒரு விண்ணப்பம். செலவைச் சுருக்குகிறேன் பேர்வழி என்று அவருக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டுவிடாதீர்கள். நேரில் வந்து கையைப் பிடித்தால் மூன்று கிராம் மூன்று கிராமாகவே ஊருக்குள் போகும். கூப்பிடாவிட்டால் கேள்விப்பட்டதை வைத்து மதிப்புப் போடுவார்; அதில் சேதாரம் நகைக்கடையைவிட அதிகம்.