கேள்வி–பதில்: வைக்கோலைச் சொல்லுங்கள்!

கே: மழையில் நனைந்த வைக்கோல்போரைப் பிரித்து உதறினால், அன்றைக்கு ராத்திரியே குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு. இரண்டு நாளில் தானாகவே சரியாகிறது. ‘காத்துக் கருப்பு’ என்கிறார் அப்பத்தா. அப்படியா?
– வாசகர், ஆலங்குடி

ப: காற்று உண்டு, கருப்பு இல்லை. ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் பெருகும் நுண்ணுயிர்கள், உதறும்போது தூசியோடு பறந்து நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை இறங்கும். அதை உங்கள் உடம்பு எதிர்க்கிறது. இது தொற்று இல்லை, ஒவ்வாமை. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்தே காய்ச்சல் காட்டும். அதனால்தான் காலையில் உதறிய வைக்கோல்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 1932-லேயே கேம்பல் என்ற மருத்துவர் இங்கிலாந்து விவசாயிகளிடம் இதைக் கண்டு எழுதினார். பெயரே ‘விவசாயி நுரையீரல்’.

‘தானாகவே சரியாகிறது’ என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அந்தத் தழும்பு ஆறாது தம்பி. ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். இருமலைச் சொல்வதற்கு முன்னால் வைக்கோலைச் சொல்லுங்கள். ஆஸ்துமா, டி.பி. என்று சுற்றி அலைவது மிச்சமாகும்.

கே: வாயில் துண்டு கட்டிக்கொண்டால் போதாதா?

ப: வியர்வை துடைக்கப் போதும். அந்த நுண்ணுயிர்களின் வித்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. என்-95 முகக்கவசம் ஓரளவு காக்கும். நன்றாகக் காயவைத்துப் போர் போடுவது அதைவிட மேல்.

கே: எங்கள் வீட்டில் மாடும் இல்லை, வைக்கோலும் இல்லை. எனக்குப் பயமில்லையே?

ப: ஏர்கூலர் இருக்கிறதா அம்மா? மாடியில் புறா? இவையும் இதே ஒவ்வாமையைத் தரலாம். நுரையீரல் இறுகும் வகை நோயாளிகள் 1,084 பேரை நாடு முழுக்க 27 மையங்களில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 47 சதவீதம் பேருக்கு இந்த ஒவ்வாமை நோய்தான். அந்த 47 சதவீதத்திலும் ஏறக்குறையப் பாதிப்பேர் கூலர் காற்றில் இருந்தவர்கள். பாசி பிடித்த தொட்டியையும் பூஞ்சை படிந்த புல்தட்டியையும் இன்றைக்கே கழுவிக் காயவையுங்கள். தட்டி மக்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கே: கரும்பாலையில் சக்கைக் கிடங்கு வேலை. இந்த நோய் வந்தால் நஷ்டஈடு உண்டா?

ப: கேட்க உரிமை உண்டு. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மூன்றாம் அட்டவணையில் சக்கைத் தூசி நோய் பெயரோடு இருக்கிறது. மற்ற பயிர்த்தூசி ஒவ்வாமையும் கூடவே இருக்கிறது. மருத்துவர் எழுதும் சீட்டில் ‘இருமல்’ மட்டும் இருந்தால் பயனில்லை. எந்தக் கிடங்கில், எத்தனை வருஷம், என்ன தூசி என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.