மை தேர்தல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

மைசூரில் வசிக்கும் என் பெரியப்பாவிடம் மெரூன் நிற எபனைட் பேனா ஒன்று உள்ளது. அதில் என்ன நிற மை ஊற்றுவது என்னும் வினா இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை (பெரியப்பா, வாய்மொழி). அக்குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது.

முதலில் களம். மைசூர் என்ற பெயர் மையில் தொடங்குவதைச் சொல்லாராய்ச்சியாளர் கவனிக்கத் தவறினர். மகிஷனால் வந்த பெயர் என்பர். மகிஷத்தின் நிறம் என்ன என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. அகநானூற்று எருமையூரனை இந்தப் பக்கத்தவனாகக் கொள்வோர் உண்டு. எருமையின் ஈற்றிலும் மையே நிற்கிறது. இதைவிடக் குறைந்த சான்றுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

பொருத்தம் பற்றிய கொள்கைகள் மூன்று. மெரூனுக்கு மெரூன் என்பது ஒருநிறக் கொள்கை. மெரூனுக்குப் பச்சை என்பது முரண் கொள்கை. மூன்றாவது ஜரிகைக் கொள்கை: மைசூர் சில்க் புடவையின் கரையைப் பார்த்து ரவிக்கைத் துணி எடுப்பதுபோல, பேனாவின் கிளிப்பைப் பார்த்து மை எடுப்பது. கிளிப் பொன்னிறம்; ஆகவே மஞ்சள் மை. எழுதியதை எழுதியவராலேயே படிக்க முடியாது என்பதால் இது ஆய்வேடுகளுக்கு உகந்தது. இத்துறையின் மூத்த அறிஞர், தேவராஜ அரசு சாலைத் துணிக்கடைகளில் முப்பதாண்டு களப்பணி செய்த பெரியம்மா. அவர் மூன்று கொள்கைகளையும் ஒரே வரியில் மறுக்கிறார் (சமையலறையிலிருந்து, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே; "பேனாவுக்கு எதுக்கு மேட்சிங்?" என்பது மூலம், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்பது பாடபேதம்).

இனி நிறங்கள். சிவப்பை வாத்தியார்கள் எடுத்துக்கொண்டார்கள். பச்சை பெரிய அதிகாரிகளுக்குரியது. பெரியப்பா ஓய்வு பெற்றுவிட்டார். இரும்புச் சத்துள்ள பழைய நீலக்கறுப்பு நம் கடுக்காய் அன்னபேதி மைக்குப் பங்காளி. எழுதும்போது ஒரு நிறம், காற்றுப் பட்டபின் வேறு நிறம். இதில் எதற்குப் பொருத்தம் பார்ப்பது?

வெள்ளையைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். 1966இல் மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் பல்லாண்டுகள் இங்கேதான் இருந்தன. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். மேட்டில் மை படும், பள்ளத்தில் படாது. தாள் முழுக்கக் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை. ஆகவே தமிழ் எழுத்துக்கு நீண்டகாலப் பொருத்தமுள்ள நிறம் வெள்ளையே என நிறுவலாம். எழுத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மை பூசுவது ஆய்வாளர்களுக்கு ஒன்றும் புதிதல்ல என்பதால் இம்முறைக்கு எதிர்ப்பும் இராது.

"மைசூர் பேனாவுக்கு மைசூர் மைதான்டா" என்கிறார் பெரியப்பா (மேலது, சற்று உரக்க, பெரியம்மா மாடிக்குப் போனபின்). நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937இல், அரக்கு, பெயின்ட் ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் 1962 பொதுத்தேர்தல் முதல் அழியா மை தயாரித்து வருவதை அவர் சுட்டுகிறார். நாடே அந்த மையைத்தான் விரலில் வைத்துக்கொள்கிறது; அது வெளிநாடுகளுக்கும் போகிறது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் வெளிச்சம் பட்டுக் கறுக்கும், சோப்புக்கு அசையாது, நகம் வளர்ந்தால்தான் கறை விலகும். 10 மில்லி குப்பி ஏறத்தாழ 700 பேருக்குக் காணும். சில்லறையில் கிடைக்காது. கிடைத்தாலும் பெரியப்பாவின் சட்டைப்பை வரலாறு தெரிந்த பெரியம்மா அதை வீட்டுக்குள் விடமாட்டார். பொருத்தம் என்று பார்த்தாலோ குறையே இல்லை: மாநிறம், கறுப்பு, சிவப்பு என்று எந்த இடக்கை ஆள்காட்டி விரலையும் இந்த மை வேண்டாம் என்று சொன்னதில்லை. விரலில் நிப் இல்லாததொன்றே இக்கண்டுபிடிப்பின் வரம்பு.

மேற்கண்ட முடிவுகளுடன் நானும் பெரியப்பாவும் கடைக்குச் சென்றோம். மூன்று கொள்கைகளையும் அவர் கால்மணி நேரம் விளக்கினார்.

"ப்ளூ ஒந்தே இரோது, சார்" (கடைக்காரர், கல்லாவிலிருந்து தலை நிமிராமல், கன்னட மூலம், மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை).

இரண்டு புட்டி வாங்கினோம்.