சீட்டுக்கட்டால் சம்பளம் கொடுத்த நாடு

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்கு ஊரிலிருந்து புதிதாக வரும் அம்மாமாருக்குக் குளிரைவிடப் பெரிய தலையிடி சில்லறை. பத்துச் சதக் குற்றி ஐந்து சதத்தை விடச் சின்னது. "இதென்ன நியாயம்?" என்று கேட்டால், இங்கே பிறந்த பேரன் சிரிப்பான். சிரிக்கட்டும். இந்தக் கனடா நாடே தன் காசோடு முந்நூறு வருசமாக மல்லுக்கட்டியது.

1685. கியூபெக் அப்போது பிரெஞ்சு மன்னரின் சொத்து. சம்பளக் காசு கப்பலில் வரவேண்டும், வரவில்லை. பட்டாளம் முறைக்கிறது. நிர்வாகி ஜாக் டி மூல் தலையைச் சொறிந்தார். அச்சுக்கூடம் கிடையாது. ஆனால் சீட்டுக்கட்டு இருந்தது! சீட்டுகளை வாங்கி, தொகையை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, "இந்தா உன் சம்பளம்" என்று நீட்டிவிட்டார். நம்மாட்கள் முந்நூற்றிநாலு சீட்டாட்டத்தில் துரும்பை வைத்துப் பிடி எடுப்பார்கள். அவர்கள் துரும்பைக் கொடுத்துப் பாண் வாங்கினார்கள்.

கப்பல் வந்ததும் சீட்டுகளை மீட்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ருசி கண்டவர்கள் விடுவார்களா? பிறகும் சீட்டு, மேலும் சீட்டு. மதிப்பு சரிந்து, கடைசியில் பாதி விலைக்குத்தான் அரசு திருப்பி எடுத்தது.

ஆங்கிலேயர் வந்து நிலைமையைத் திருத்தினார்கள் என்று நினைத்தால் நீங்கள் பாவம். யங் தெருவில் குதிரை வண்டி ஓடிய காலத்தில், ஒரு ஸ்பானிய வெள்ளி டொலர் ஹலிபக்ஸ் கணக்கில் 5 சிலிங். நியூயோர்க் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களின் யோர்க் கணக்கில் 8 சிலிங். இங்கிலாந்துக் கணக்கில் 4 சிலிங் 6 பென்ஸ். சத்திரக்காரன் "சாப்பாடு இரண்டு சிலிங்" என்றால், அது கால் டொலரா, 40 சதமா என்பதை முதலே கேட்டுவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு கேட்டால் அவன் சொன்னதுதான் கணக்கு. றிச்மண்ட் ஹில்லுக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் றிச்மண்ட் கோமகன் 1819இல் நரி கடித்து விசர் பிடித்து இறந்தார். நரி கடிக்காவிட்டாலும் இந்தக் கணக்கு அவருக்கு விசர் பிடிக்க வைத்திருக்கும்.

1858இல் ஒருவழியாக டொலர், சதம் என்று கணக்கை மாற்றி, லண்டனில் வெண்கலச் சதம் அடித்து இறக்கினார்கள். சனம் கையில் தூக்கிப் பார்த்தது. "பாரமில்லை" என்று தள்ளிவிட்டது. கடைசியில் அரசே தன் காசைக் கழிவு விலைக்கு விற்க வேண்டியதாயிற்று.

அம்மாவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஐந்து சதம், பத்துச் சதம் இரண்டுமே வெள்ளி. ஐந்து சதம்தான் சின்னது, மிகச் சின்னது. 1922இல் அதை நிக்கலுக்கு மாற்றிப் பெருப்பித்தார்கள். பத்துச் சதம் அளவில் இருந்தபடியே இருந்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகாவது கவனமாக இருந்தார்களா? டொலர் குற்றியில் படகோட்டியின் படம் வருவதாக இருந்தது. 1986இல் ஒட்டாவாவிலிருந்து வினிபெக் போகும் வழியில் அதன் மூல அச்சு தொலைந்தது. கள்ளக்காசு அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், அடுத்த வருசம் நீர்ப்பறவையைப் போட்டார்கள். 2013இல் ஒரு சதத்தை விநியோகிப்பதையே நிறுத்தினார்கள். இப்போது காசாகக் கொடுத்தால் கிட்டிய ஐந்து சதத்துக்குத் திருத்துவார்கள்: தொகை 2 சதத்தில் முடிந்தால் உங்களுக்கு லாபம், 3 சதத்தில் முடிந்தால் கடைக்காரனுக்கு.

ஆகவே பேரப்பிள்ளைகளே, அம்மம்மா டொலரை ரூபாயால் பெருக்கிப் பெருமூச்சு விட்டால் சிரிக்காதீர்கள். அவரை விமான நிலையத்தில் காசு மாற்றவும் விடாதீர்கள். அங்கே கொடுக்கும் விலை பெரும்பாலும் வெளியே கிடைப்பதைவிட மோசம்.