ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?

இரவு பத்தே முக்காலுக்குப் போன் அடித்தால் யாருக்கு உடம்பு சரியில்லையோ என்று பதறி எடுப்போம். பதற வேண்டியதில்லை. "ஒரு டி750 வந்திருக்கு. நல்லா வச்சிருக்காராம். வாங்கலாமா?" என்று குரல் கேட்கும். வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம் என்று பார்த்தால் நடக்காது. வாங்கச் சொன்னால் ஏன் வாங்கக்கூடாது என்று இருபது நிமிடம் விளக்குவார். வேண்டாம் என்று சொன்னால் நாற்பது நிமிடம்.

தன் பழைய கேமராவைத் தள்ளிவிட்டு இன்னொருவரின் பழைய கேமராவை வாங்கலாமா என்று வருடக்கணக்காக யோசிக்கிற ஆசாமிகளைப் பற்றிப் பொதுவாகத்தான் சொல்கிறேன். என் சகலையை மனதில் வைத்து எழுதியதாக யாரும் அவரிடம் போய் வத்தி வைக்க வேண்டாம்.

இவர்களிடம் நிக்கான் டி90 ஒன்று இருக்கும். 2008-இல் வந்த மாடல், 12.3 மெகாபிக்ஸல். டிஎஸ்எல்ஆரில் முதன்முதலாக வீடியோ எடுத்தது அதுதான். பகலில் இன்றைக்கும் பளிச்சென்று எடுக்கும். கல்யாண மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ-வை 1600-க்கு மேல் ஏற்றினால் மட்டும் மாப்பிள்ளை முகத்தில் ரவை தூவினாற்போல் இருக்கும். அந்த ரவையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் ரவை போய்விடும் என்று யாரோ ஓதிவிட்டார்கள். 2014-இல் வந்த டி750 ஃபுல் ஃபிரேம்தான், இப்போது செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிறது. வாங்க வேண்டியதுதானே?

முடியாது. முதலில் ஷட்டர் கவுண்ட் தெரிந்தாக வேண்டும்.

டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே கண்ணாடி எழும்பி, திரை ஒருமுறை திறந்து மூடும். டி750-இன் திரையை 1,50,000 தடவை இயக்கிச் சோதித்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. அதைத் தாண்டியும் ஓடலாம், முன்னாலேயே மண்டையைப் போடலாம், மனுஷ ஆயுள் மாதிரி. ஆனால் இவர்களுக்கு அது சித்திரகுப்தன் எழுதிய கணக்கு. விற்கிறவரிடம் ஒரிஜினல் படம் ஒன்று கேட்பார்கள். "போட்டோவா அனுப்பாதீங்க தம்பி, டாக்குமெண்டா அனுப்புங்க." அந்தத் தம்பி பாவம், தன் குழந்தை முதல்முதலாக எழுந்து நின்ற படத்தை அனுப்புவார். குழந்தையை யார் பார்த்தார்கள்? கோப்புக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைத்தான் தோண்டிப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுப்பவரின் கேமரா என்று தெரிந்தால் அத்தோடு சரி. ஒரே கல்யாணத்தில் மூவாயிரம், நாலாயிரம் என்று தட்டியிருப்பார்களாம். டாக்ஸி ஓட்டின வண்டியை வாங்குவோமா என்பார்கள்.

ஒருநாள் பாரிமுனையில் ஒரு மாடிக்கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். (யார் என்று கேட்காதீர்கள். பொதுவாகத்தான்.) கடைப் பையன் டி750-ஐக் கையில் கொடுத்ததும் மனிதர் அதை வைத்து என்னை ஒரு படம் எடுப்பார் என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். அவர் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனா டார்ச் வந்தது. டிரைபாடு மாட்டுகிற ஓட்டைக்குள் காது டாக்டர் மாதிரி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இந்த மாடலின் ஆரம்பகாலக் கேமராக்கள் சிலவற்றில் எதிர்வெளிச்சத்தில் ஒரு பட்டை விழுகிற கோளாறு இருந்தது. அதைச் சரிசெய்தவற்றுக்கு அந்த ஓட்டைக்குள் கறுப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி இருந்தது. அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்.

"ஷட்டர் கவுண்ட்?"

"1,15,000 சார்."

"அப்போ 35,000-தான் மிச்சம்" என்று என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் மீதியைச் சுட்டுவிட்டது போல. "சகலை, நீங்க என்ன சொல்றீங்க?"

(சரி, தெரிந்துவிட்டது. விடுங்கள்.)

"உங்க டி90-ல எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. 15 வருடத்தில் மொத்தம் 10,500. வருடத்துக்கு 700. அந்த வேகத்தில் மிச்சமிருக்கும் 35,000 தீர 50 வருடம் ஆகும். அவருக்கு வயது 58. ஆக, நூற்றெட்டாவது வயதில் ஷட்டர் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் மனிதரின் கவலை. கடைப் பையன் பில் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

பிறகு லென்ஸ் விஷயம் வந்தது. டி90-இன் லென்ஸை இதில் மாட்டினால் நடுப்பகுதி மட்டும் பயன்பட்டு 10 மெகாபிக்ஸல் சொச்சம்தான் வரும். இருக்கிற 12-ஐ விட்டுவிட்டுக் காசு கொடுத்து 10-க்கு வரச் சொல்கிறாயா என்று கேட்டார். இந்த ஒன்றில் அவர் பக்கம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். கேமராவுக்கு ஆகிற செலவு லென்ஸுக்கும் ஆகும். டி90-ஐ எடுத்துக்கொண்டால் என்ன தருவீர்கள் என்றும் விசாரித்தார். பையன் ஐயாயிரம் என்றான். "10,500-தான் ஓடியிருக்கு தம்பி." "அதுக்குத்தான் சார் ஐயாயிரம்."

இந்த 10,500 எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். படம் எடுத்தால் கவுண்ட் ஏறும், கவுண்ட் ஏறினால் விற்கும்போது விலை இறங்கும். எனவே அவர் எடுப்பதில்லை. ஆனால் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகி 'பீப்' என்று சத்தம் வரும், கணக்கில் ஏறாது. அந்தப் பாதியிலேயே மனிதர் காலத்தை ஓட்டிவிட்டார். குடும்பமே வரிசையாக நின்று, குழந்தைகளை அதட்டி, வயிற்றை எக்கி, சிரிப்பை உறையவைத்துக் காத்திருக்கும். பீப். ஒரு அடி பின்னால் போவார். பீப். உட்கார்ந்து பார்ப்பார். பீப். கேமராவை இறக்கி, "லைட் சரியில்லை" என்பார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பீப் பெரியப்பா.

மாமனாரின் சதாபிஷேகத்துக்கு வெளியிலிருந்து போட்டோகிராபர் வேண்டாம், நான் இருக்கிறேனே என்றார். நம்பினோம். மாமனாரையும் மாமியாரையும் உட்காரவைத்துச் சல்லடை வழியாகத் தண்ணீர் ஊற்றும்போது முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். பீப், பீப், பீப். புரோகிதர்கூடப் போட்டோவுக்காக ஒரு நிமிடம் கையை நிறுத்திப் பார்த்தார். சாயங்காலம் மெமரி கார்டைத் திறந்தால் ஒன்பது படம். மூன்று குத்துவிளக்கு, இரண்டு வாழையிலை, ஒன்றில் கலசம், ஒன்றில் தோரணம், ஒன்றில் என் முதுகு.

ஒன்பதாவது, ஈரம் சொட்டச் சொட்ட மாமனார் வாய்விட்டுச் சிரிக்கிற படம். அது இன்றைக்கும் எங்கள் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எந்த ஸ்டுடியோ என்று கேட்கிறார்கள். எடுக்கத் தெரியாதவர் என்றால் மன்னித்துவிடலாம்.

அடுத்த வருடம் மாமியார் போய்விட்டார். மாலை போட ஒரு படம் வேண்டும். யாரோ போனில் எடுத்த கும்பல் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்தோம். பெரிதாக்கியதில் மங்கிவிட்டது. தோள்மேல் வேறு யாருடைய கையோ தங்கிவிட்டது, வளையலோடு. அது யார் கை என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் படத்தின் முன்னால்தான் வருடா வருடம் படையல் போடுகிறோம். டி90 அன்றைக்கும் அவர் தோளில்தான் தொங்குகிறது.

இதை அவரிடம் ஒருநாள் சொல்லியும்விட்டேன். வெகுநேரம் பேசவில்லை. அதன்பிறகு மூன்று மாதம் போன் இல்லை. கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கே உறுத்தியது.

போன வாரம் இரவு பத்தே முக்காலுக்கு அடித்தது. குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"சகலை, விடை கிடைச்சிடுச்சு. மிரர்லெஸ்! இசட் 6. அதுல சைலண்ட் மோடுன்னு ஒண்ணு இருக்கு. எலக்ட்ரானிக் ஷட்டர். திரையே அசையாது. எத்தனை படம் எடுத்தாலும் தேயாது. இனிமே எடுத்துத் தள்ளிட வேண்டியதுதான்!"

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. "உடனே வாங்கிடுங்க" என்றேன்.

"வாங்கலாம்" என்றார். பிறகு சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சகலை... அப்படின்னா விக்கிறவன் அதுல எத்தனை எடுத்திருப்பான்னு நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?"