பலகைக்கு வந்த பவிசு

வா பேராண்டி, இப்படி நிழல்ல குந்து. காசிமேட்டுல பொறந்துட்டு, கடல் மேல நிக்கக் கத்துக்க கோவளத்துல ஃபீஸ் கட்டிட்டு வந்திருக்கேன்னு உங்க ஆயா சொல்லிச்சு. நல்ல காரியம். உன் வயசுல நானும் கட்டுமரத்து மேல நின்னவன்தான். எவனும் கைதட்டல. கரைக்கு வந்தா மீன் எங்கடான்னுதான் கேட்டாங்க.

இப்ப இன்னாடான்னா சர்ஃப் போர்டு நானே செஞ்சு விக்கப்போறேன்னு நோட்டு பூரா படம் வரைஞ்சு வச்சிருக்கே. ஏறுற ஆளு எத்தினி கிலோ, எத்தினி உசரம், எந்த அலையில ஓட்டுவான், எல்லாம் பாத்து லிட்டர் கணக்குல அளவு எடுத்து அவனுக்குன்னே செதுக்கித் தருவியாம். கேக்கவே சந்தோசமா கீது. ஏண்டா, உங்க தாத்தன்லாம் கட்டுமரத்தை ரெடிமேட் கடையிலயா வாங்கினான்? தனியாளா போறதுக்கு ஒரு அளவு. கோலா மீனுக்குப் போற மரம்னா அது வேற அளவு, பெருசு. மரம் கட்டுறவன் ஆளையும் பாப்பான், கடலையும் பாப்பான். லிட்டர் மட்டும்தான் பாக்கல, அது சாராயத்துக்குன்னு வச்சிருந்தான்.

சரி, உன் சரக்குக்கு வருவோம். உள்ள நுரைக்கட்டை, மேல கண்ணாடி நார், அதுக்கு மேல ரெசின். ரெண்டு சாதி இருக்குன்னு நீயே சொன்னே. பாலியூரித்தேன் நுரைன்னா பாலியஸ்டர் ரெசின். தெர்மாகோல்னா எப்பாக்சி. எப்பாக்சி விலையப் பாத்துட்டு நோட்டுல அதை அடிச்சிட்டு, தெர்மாகோல் மேலயே பாலியஸ்டர் பூசலாம்னு சைடுல எழுதி வச்சிருக்கே பாரு, அங்கதான் உன் மூளை மினுக்குது.

அந்த தெர்மாகோல் மீன் பொட்டி உடைசல்லேர்ந்து ஒரு துண்டு எடு. நேத்து போட்டுக்கு ஒட்டுப் போட்டு மிஞ்சின பாலியஸ்டர் ரெசின் டப்பாவுல கீது, கேட்டலிஸ்ட் கலக்காதது. ஒரு கரண்டி ஊத்து. உத்துப் பாரு. மொதல்ல நடுவுல பள்ளம். அப்பால ஓரமெல்லாம் சுருங்குது. முத்து முத்தா இருந்ததெல்லாம் எங்க? கையில பிசுபிசுன்னு ஒட்டுதா? ரெசினுக்குள்ள ஸ்டைரீன் கீது, தெர்மாகோலும் அந்த ஸ்டைரீன் வவுத்துல பொறந்ததுதான். சொந்தக்காரனைக் கண்டா கரையாம இன்னா பண்ணும்? உன் மொத கஸ்டமர் போர்டும் இப்படித்தான் குழியாவும். இன்னொண்ணு, ரெசின் இறுகறதுக்குப் போடுற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேரா கலந்துடாதே. போர்டு இல்ல, கூரையே பறந்துடும்.

அன்னிக்கு நீ போன்ல படிச்சுக் காட்டினியே, அமெரிக்காவுல கிளார்க்குன்னு ஒரு பெருசு. அந்த நாட்டு போர்டுக்கெல்லாம் வேண்டிய நுரைக்கட்டையில பெரும்பங்கு அந்தாளு கம்பெனிதான் வார்த்துக் குடுத்துச்சு. 2005 டிசம்பர் 5, திங்கக்கெழமை, ஒரு ஃபேக்ஸ் அனுப்பிட்டுக் கடையை மூடிட்டான். டொலுயீன் டை-ஐசோசயனேட்டுன்னு நாக்கு சுளுக்கிக்கிற ஒரு விஷத்தை வச்சுத்தான் அந்த நுரை. அதால வந்த கேசும் கெடுபிடியும் போதும்டா சாமின்னு, அச்சையும் உடைச்சுப் போட்டுட்டான். ஹார்பர்ல இருக்கிற ஒரே ஐஸ் ஃபேக்டரிக்காரன் வெடியக்காலைல சாவியக் கடல்ல வீசிட்டுப் போன மாதிரி, செதுக்குறவனெல்லாம் உளியும் கையுமா நின்னான். தெர்மாகோல், எப்பாக்சி பக்கம் அவங்க நல்லா திரும்பினது அதுக்கு அப்பாலதான். இதுல நீ எடுத்துக்க வேண்டியது ஒண்ணு கீது. உன் நோட்டுல நுரைக்கட்டை வெளிநாட்டுலேர்ந்துன்னு போட்டிருக்கே. பாலியூரித்தேன் நுரைக்கு வேண்டிய பாலியால் நம்ம மணலியிலேயே, மணலி பெட்ரோகெமிக்கல்ஸ்ல தயாராவுது. சைக்கிள்ல போற தூரம். மொதல்ல அந்தப் பக்கம் விசாரிச்சிட்டு, அப்புறம் கப்பலுக்குக் காத்திரு.

வருங்கால போர்டுன்னு நீ சொல்றதுல எனக்குப் புடிச்சது அந்தப் பாசி சமாச்சாரம்தான். 2015ல கலிஃபோர்னியா சான் டியாகோ யுனிவர்சிட்டில பாசி எண்ணெய்லேர்ந்து நுரை செஞ்சு போர்டே போட்டாங்களாமே. பலே. எண்ணெய்க்கு நாமளும் கொறைஞ்சவங்க இல்ல. 2017 ஜனவரில எண்ணூராண்ட ரெண்டு கப்பல் முட்டிக்கிச்சு, வாளியில அள்ளினாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல கொசஸ்தலையாத்து வாயெல்லாம் எண்ணெய், வலையெல்லாம் தாரு. பலகைக்கு ஆவும்னு முன்னமே ஒருத்தன் சொல்லியிருந்தா டிரம்முல புடிச்சு வச்சிருப்போம்.

கண்ணாடி நாருக்குப் பதிலு ஆளிச்செடி நாராம், மேல தக்கையாம், அச்சுப்பொறியிலயே போர்டு வருதாம். வரட்டும். ஆனா ஹவாய் ராஜாக்கள் ஓட்டின ஓலோ பலகைய வில்லிவில்லி மரத்துல செதுக்கினாங்கன்னு படிச்சப்போ, நீ அடுத்த பக்கத்துக்கு ஓடிட்டே. எனக்குத்தான் தூக்கம் வரல. அந்த மரம் நம்ம கல்யாண முருங்கைக்குப் பங்காளி. ரெண்டும் ஒரே சாதி, லேசு மரம். இந்தக் கரையில கட்டுமரத்துக்கும் கல்யாண முருங்கை போயிருக்கு. நம்ம கட்டுமரத்துல ஆணி கெடையாது, பசை கெடையாது. கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து மரத்தைப் பிரிச்சுக் காயவைப்போம். ஒரு மரம் உளுத்தா அதை மட்டும் மாத்துவோம். செத்துதுன்னா அடுப்புக்குப் போவும். பிரிக்கலாம், மாத்தலாம், குப்பையாவாதுன்னு வெள்ளைக்காரன் இப்பத்தான் வருங்காலம்னு சொல்லி மேடை போடுறான்.

நாங்க மட்டும் யோக்கியமான்னு கேக்காதே. 2004 சுனாமிக்கு அப்பால ஃபைபர் போட்டு நிவாரணமா வந்து குவிஞ்சுது. நானும் வாங்கிக்கினேன். மோட்டார் வச்சா ஓடுது, முதுகு தப்பிச்சுது. இப்ப கரையில பாரு, ஓட்டை ஓடா கெடக்குது. எரிச்சா நாத்தம், பொதைச்சா மக்காது, காயலாங்கடைக்காரன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான். நீ செய்யுற போர்டு உடைஞ்சா எங்க போவும்னு நோட்டுல ஒரு பக்கம் எழுது. அதைத்தான் நீ இன்னும் எழுதல.

கடையை எங்க போடுறே? ராயபுரத்துலயா? ஹார்பர் கட்டினதுலேர்ந்து மணலெல்லாம் தெக்கால மெரினாவுல தங்கிப்போச்சு. இங்க வடக்கால கடல் தின்னுது, எண்ணூர் வரைக்கும் கல்லு கொட்டி வச்சிருக்கு. அலையேறி வந்தா கல்லுலதான் எறங்கணும். தொழில்கூடம் இங்க இருக்கட்டும், ஃபைபர் வேலை தெரிஞ்ச கை இங்கதான் கீது. கஸ்டமர் கோவளத்துல, மாமல்லபுரத்துல. கோவளத்துல சர்ஃப் ஸ்கூல் ஆரம்பிச்ச மூர்த்தி மேகவனும் மீன்பிடிக் குடும்பத்துப் புள்ளதான். மாமல்லபுரத்துல 2023ல உலக சர்ஃப் லீக் போட்டி நடந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல ஆசியப் போட்டி. அத்தினி போர்டு வந்தா அதுல மூக்கு உடைஞ்சதும் வாலு பேந்ததும் எத்தினி இருக்கும்? தெர்மாகோல் போர்டுல ஒரு கீறல் உட்டா போதும், தண்ணி குடிச்சுக் கனக்கும். வெயில்ல போட்டா மேல்தோல் உப்பும். அதையெல்லாம் ஒட்டித் தரக் கத்துக்க. புதுசு செய்யுறவனுக்கு வருசத்துக்கு நாலு ஆர்டர் வரலாம், ஒட்டுப் போடுறவனுக்குத் தெனம் சோறு.

தேய்க்கும்போது மூஞ்சிக்கு மாஸ்க்கு போடு, கைலிய சுத்திக்கினு நிக்காதே. அந்தக் கண்ணாடித் தூளு போவ வேண்டிய எடத்துக்கெல்லாம் போவும். ராத்திரி சொறிஞ்சிக்கினு உக்காருவே, உங்க ஆயா என்னத்தான் திட்டும்.

ஞாயித்துக்கெழமை வா. நம்ம போட்டு அணியத்துல ஒரு வெடிப்பு கீது, தேய்ச்சு ஒட்டணும். கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் நீ வாங்கிட்டு வந்துடு, வேலை கத்துக் குடுக்கிறதுக்கு ஃபீஸு. கோவளத்துல மட்டும் வாயத் தொறக்காம கட்டினே இல்ல?